எட்டு மாதமாக மூலையில் ஒதுங்கியிருக்கும் ஜூலிக்கு எந்த வீடு ஏற்றது?

வாசகர் கேள்விக்குக் கால்நடை மருத்துவரின் ஆலோசனை

கும்பகோணம் பகுதியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் இங்கே தவிர்த்திருக்கிறோம். நாயின் பெயரையும் மாற்றியிருக்கிறோம். ஊருக்கு வெளியே உள்ள ஒரு நாய்க் காப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் உதவி செய்துவரும் அவருக்கு, ஜூலி என்ற 4 வயதுப் பெண் நாயைப் பற்றித்தான் கவலை. நாட்டு நாயும் லாப்ரடாரும் கலந்த செவலை நிறத்து நாய் அது. குட்டியிலிருந்து வளர்த்த பெரியவர் காலமான பிறகு, வளைகுடாவில் வேலை பார்க்கும் அவருடைய மகன் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படும் முன், கையெழுத்திட்டுக் காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டுச் சென்றிருக்கிறார். எட்டு மாதம் ஆகிறது. இதுவரை அது யாரையும் கடித்ததில்லை. மற்ற நாய்கள் தட்டருகே வந்தால் சாப்பாட்டை விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. தத்தெடுக்க வருபவர்கள் வாலாட்டிக்கொண்டு ஓடிவரும் நாய்களைத் தேர்ந்தெடுத்துப் போய்விடுகிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஜூலி அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

யாரோ அடித்துத் துன்புறுத்தியதால்தான் ஜூலி இப்படி ஆகிவிட்டது என்றும், அந்தப் பயத்தைத் தெளிவித்த பிறகே தத்துக் கொடுக்க வேண்டும் என்றும் வாசகி நினைக்கிறார். இதற்கிடையில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நீடாமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர், வயலில் உள்ள மோட்டார் கொட்டகைக்குக் காவலாக வேண்டும் என்கிறார். தஞ்சாவூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் இளம் தம்பதி, தங்கள் 5 வயது மகனுக்குத் துணையாக இருக்கட்டும் என்று விரும்புகிறார்கள். கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீட்டில் தனியாக வசிக்கும் 68 வயது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் கேட்கிறார். ஆனால் வயதைக் காரணம் காட்டிக் காப்பகத்தார் தயங்குகிறார்கள். "சாதுவான நாய்தானே, கோயில் குளக்கரையில் விட்டால் நாலு பேர் சோறு போடுவார்கள்" என்று சொல்பவர்களும் அங்கே உண்டு. மாமியார் படுத்த படுக்கையாக இருப்பதால் வாசகியால் ஜூலியைத் தம் வீட்டுக்கு அழைத்துவர இயலவில்லை. "என்னை மட்டும் நம்பும் ஜீவனை இன்னொருவரிடம் ஒப்படைப்பது துரோகமில்லையா?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு செய்திதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் காப்பகத்துத் தரையில் உட்கார்ந்து தோழியுடன் பேசிக்கொண்டிருந்தபோது, ஜூலி பின்புறமாக வந்து, கழற்றி வைத்திருந்த உங்கள் செருப்பின் மேல் முகவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. நீங்கள் திரும்பிப் பார்த்ததும் எழுந்து போய்விட்டது. நீங்கள் மறுபடி பேச்சில் ஆழ்ந்ததும் திரும்பி வந்தது. அப்போது உங்கள் கையில் தின்பண்டம் எதுவும் இல்லை, நீங்கள் கூப்பிடவும் இல்லை. மனிதரை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்ட நாய் இப்படிச் செய்யாது. ஜூலிக்கு மனிதர் அருகில் இருக்க வேண்டும். ஆனால் தன்னை உற்றுப் பார்க்கும் கண்ணும், தலைக்கு மேலே நீளும் கையும், குனிந்து நெருங்கும் உடம்பும் இப்போதைக்கு அதனால் தாங்க முடியாதவை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அடி வாங்கிய நாய் என்று முடிவு கட்ட வேண்டாம்

ஒதுங்கி நிற்கும் நாயைப் பார்த்ததும் யாரோ அடித்திருப்பார்கள் என்று நினைப்பது இயல்பு. சில நாய்களின் விஷயத்தில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. பிறந்த 3-ஆவது வாரத்திலிருந்து ஏறத்தாழ 14-ஆவது வாரம் வரை ஒரு குட்டி எவற்றையெல்லாம் அச்சமின்றிப் பார்த்துப் பழகுகிறதோ, அவையே பிற்காலத்தில் அதற்கு இயல்பான உலகமாக அமைகின்றன. ஒரே பெரியவருடன், வேற்று மனிதர் அதிகம் வராத வீட்டில் வளர்ந்த நாய்க்கு அந்தப் பெரியவரும் அந்தக் கூடமும் கொல்லையும்தான் உலகம். அன்பாக வளர்க்கப்பட்ட நாய்கூட, அந்த உலகத்தைவிட்டு வெளியே வந்ததும் இப்படி ஒடுங்கிப்போகலாம். தாயின் சுபாவமும் குட்டிக்கு ஓரளவு வரும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அந்தக் குடும்பத்தின் மேல் பழி வைத்துவிட்டதால், இன்றுவரை நீங்கள் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்படைப்புக் கடிதத்தில் மகனின் தொலைபேசி எண் இருக்கும். அவரை அழைத்துக் குறை சொல்லாமல் பேசுங்கள். ஜூலி எந்த நேரத்துக்குச் சாப்பிடும், எங்கே படுக்கும், பெரியவர் எந்தச் சொல்லால் அதை அழைப்பார், இடி இடித்தால் என்ன செய்யும், பெண்களிடம் எப்படி, குழந்தைகளைப் பார்த்திருக்கிறதா, பூனை, கோழிகளைத் துரத்துமா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவரின் பழைய வேட்டியோ துண்டோ உறவினர் வீட்டில் இருந்தால் வாங்கி வாருங்கள். எட்டு மாதம் காப்பகத்தில் கவனித்துத் தெரிந்துகொண்டதைவிட அரைமணி நேரப் பேச்சில் கூடுதலாகத் தெரியவரும்.

பயத்தைத் தெளிவித்த பிறகே கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் மாற்றிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். காப்பகம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் அங்கே குரைப்புச் சத்தம் ஓயாது, புதிய நாய்கள் வந்துகொண்டே இருக்கும், ஒதுங்கி ஓய்வெடுக்கத் தனியிடம் இருக்காது. கூச்ச சுபாவமுள்ள நாய் அங்கே தேறுவது அரிது; காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அதன் ஒதுக்கம் கூடுதலாக உறைந்துபோகவே வாய்ப்பு அதிகம். வீடு கிடைத்த பிறகுதான் பயம் தெளியும்.

முதலில் உடம்பைப் பரிசோதியுங்கள்

சோர்ந்து ஒதுங்கும் நாய்களில் ஒரு பகுதிக்கு மனத்தில் இருப்பதைவிட உடம்பில்தான் கோளாறு இருக்கும். நம் பகுதியில் உண்ணிகளால் பரவும் இரத்த நோய்கள் சாதாரணம். காய்ச்சல் வெளியே தெரியாமலேயே நாயை மந்தமாக்கிவிடும். காதுச் சீழ், பல் வலி, மூட்டு வலி ஆகியவையும் தொட்டால் விலகச் செய்யும். எனவே இரத்தப் பரிசோதனை உட்பட முழுப் பரிசோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். அரசுக் கால்நடை மருத்துவமனையில் இயலாத பரிசோதனைகளுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ரேபிஸ் தடுப்பூசி எந்தத் தேதியில் போடப்பட்டது என்பதைப் பதிவேட்டில் பார்த்து, ஓராண்டு முடிந்திருந்தால் மீண்டும் போட்டுவிட வேண்டும். வயலும் வாய்க்காலும் எலியும் நிறைந்த டெல்டாவில் எலிக்காய்ச்சலையும் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசி மிக அவசியம். கருத்தடை ஆகியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவில்லையென்றால் ஒப்படைப்பதற்கு முன்பே செய்து, புண் ஆறிய பிறகு அனுப்புங்கள்.

குளக்கரையில் விடுவது பற்றி

இதற்கு என் பதில் தெளிவாக ‘கூடாது’ என்பதே. தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் கூறுவதைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த விதி, தெருவிலேயே பிறந்து வளர்ந்து அந்தத் தெருவை அறிந்த நாய்களுக்கானது. வீட்டு நாயைப் பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரைதான் என்பதால் பலர் பொருட்படுத்துவதில்லை. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், தட்டருகே வேறு நாய் வந்தாலே விலகிப்போகும் ஜூலி, ஏற்கெனவே அங்கிருக்கும் கூட்டத்தின் நடுவே எப்படிச் சாப்பிடும்? நாலு பேர் சோறு போட்டாலும் அது ஜூலியின் வாய்க்குப் போய்ச் சேராது.

மூன்று வீடுகள்

நீடாமங்கலத்து விவசாயி நல்ல மனிதர், ஏற்கெனவே மாடுகளை அக்கறையாக வைத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் அவருக்கு வேண்டியது காவல் நாய். இரவில் ஆளில்லாத கொட்டகையில் தனியாக இருந்து, புது மனிதரைக் கண்டால் குரைத்து எதிர்க்க வேண்டிய வேலை அது. ஜூலி அதைச் செய்யாது. செய்யவில்லை என்றதும் சங்கிலியில் கட்டி வைப்பார்கள், அல்லது வெறி ஏற்றிவிடப் பார்ப்பார்கள். நியாயமற்ற நேரத்துக்குக் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதும் மேலே சொன்ன 11-ஆவது பிரிவில் அடங்கும். வயலில் எலிக்கு வைக்கும் விஷம், தெளித்த பூச்சிமருந்து, வரப்பில் திரியும் கண்ணாடி விரியன் ஆகியவை தனியாக அலையும் எந்த நாய்க்கும் ஆபத்தானவை. பயந்து ஓடும் நாய்க்கு இன்னும் கூடுதல். பரந்த வெளி இருந்தால் நாய் மகிழ்ச்சியாக இருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். ஜூலி தேடுவது வெளியையல்ல, பக்கத்தில் ஓர் ஆளை. அவரிடம் மரியாதையாகக் காரணத்தைச் சொல்லி, துணிச்சலான வேறொரு நாயைக் காட்டுங்கள், அவரும் ஏற்றுக்கொள்வார்.

தஞ்சாவூர்த் தம்பதியை உடனே மறுத்துவிட வேண்டியதில்லை. அடுக்குமாடி என்பது ஒரு தடையன்று. வீட்டு நாய் வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கங்கள் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வாடகை வீடாக இருந்தால் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை முன்னதாகவே எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. எனக்குள்ள தயக்கம் அந்தச் சிறுவனைப் பற்றியது. அவன் கெட்ட பிள்ளை என்பதால் அல்ல, 5 வயதுப் பிள்ளை என்பதால். ஓடுவான், கத்துவான், கட்டிப்பிடிப்பான், கட்டிலுக்கடியில் படுத்திருக்கும் நாயை வெளியே இழுப்பான். ‘மகனுக்குத் துணை’ என்று அவர்கள் கேட்பதிலேயே, நாய் அவனோடு விளையாட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. இதுவரை கடிக்காத நாய் என்பது இனிமேலும் கடிக்காது என்பதற்கு உறுதியாகாது. தப்பிக்க வழியில்லாமல் மூலையில் சிக்கிய நாய், எவ்வளவு சாதுவானாலும், கடைசியில் பல்லைப் பயன்படுத்தும். அப்படி ஒரு முறை நடந்துவிட்டால் குழந்தைக்கும் காயம். ஜூலிக்கும் பிறகு எந்த வீடும் கிடைக்காது. மனிதரோடு ஓடியாடி விளையாடும் நாய் ஒன்றை அந்தத் தம்பதிக்குக் காட்டலாம். ஜூலிதான் வேண்டும் என்று அவர்கள் உறுதியாக இருந்தால், மகனை அழைத்துக்கொண்டு பல முறை காப்பகத்துக்கு வந்து, நாயைத் தொடாமல் அருகே உட்கார்ந்திருக்க அவனால் முடிகிறதா என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

ஆசிரியையின் வீட்டைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். சத்தமில்லாத வீடு, ஒரே ஆள், நாள்தோறும் மாறாத நேர ஒழுங்கு, பகலெல்லாம் வீட்டிலேயே இருக்கும் துணை ஆகிய நான்கும் ஜூலி இழந்துவிட்ட வீட்டில் இருந்தவை. காப்பகத்தாரின் தயக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஜூலி இன்னும் எட்டு, ஒன்பது ஆண்டுகள் வாழக்கூடும். அப்போது அவருக்கு வயது 76, 77 ஆகியிருக்கும். ஏற்கெனவே ஒரு பெரியவரை இழந்து வீட்டையும் இழந்த நாய்க்கு அதே நிலை மறுபடியும் வந்துவிடக் கூடாது. ஆனால் இதற்குத் தீர்வு மறுப்பதன்று. அவருக்கு உடல்நலம் சரியில்லாமல் போனால் ஜூலியைப் பார்த்துக்கொள்ளப்போகிறவர் யார் என்று முன்பே கேட்டு, அந்த உறவினரையோ பக்கத்து வீட்டாரையோ நேரில் சந்தித்து, அவர் பெயரையும் சம்மதத்தையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டாம் மனிதர் இப்போதிருந்தே வாரம் ஒரு முறையாவது வந்து ஜூலியுடன் பழக வேண்டும். அப்படி ஒருவரும் இல்லையென்றால் மட்டும் காப்பகத்தாரின் தயக்கத்தை நானும் ஆதரிப்பேன்.

அறிவிப்பும் ஒப்பந்தமும்

வாட்ஸ்அப்பில் அனுப்பும் அறிவிப்பில் ‘விளையாட்டுக்காரி, எல்லோரிடமும் நன்றாகப் பழகுவாள்’ என்று போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதைப் படித்து வருபவர்கள் ஒரு வாரத்தில் ஏமாந்து திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் நாய் இன்னும் ஒடுங்கும். ‘கூச்சம் அதிகம், சத்தம் ஆகாது, பழக மாதங்கள் ஆகும், யாரையும் கடித்ததில்லை, அமைதியான வீடு தேவை’ என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அழைப்புகள் குறையும், ஆனால் வருகிறவர்கள் ஜூலிக்காகவே வருவார்கள்.

சட்டத்தின் பார்வையில் வளர்ப்பு நாய் ஒருவரின் உடைமை. ஆகவே மகன் கொடுத்த ஒப்படைப்புக் கடிதத்தில், உரிமையை முழுவதுமாக விட்டுக்கொடுப்பதாகத் தெளிவான வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அவரிடம் பேசும்போதே இன்னொரு கடிதத்தைக் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லிவிடுங்கள். தத்து ஒப்பந்தத்தில், வளர்க்க இயலாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் காப்பகத்திடமே திருப்பித் தர வேண்டும் என்பதையும், முதல் இரண்டு மாதங்கள் பழக்கக் காலம் என்பதையும் எழுதுங்கள்.

முதல் வாரங்கள்

பயந்த நாய்கள் காணாமல் போவது பெரும்பாலும் புதிய வீட்டில் காலடி வைத்த முதல் சில நாட்களில்தான். வாசல் கதவு ஒரு நொடி திறந்திருந்தால் போதும். இந்த விஷயத்தில் நம் பழைய வீட்டமைப்பு பெரும் உதவி செய்யும். திண்ணைக்கும் கூடத்துக்கும் நடுவே ரேழி இருப்பதால், உள்கதவைச் சாத்திய பிறகே தெருக்கதவைத் திறப்பது என்ற ஒரே ஒரு வழக்கத்தை ஆசிரியை கைக்கொண்டால், பால்காரர் வந்தாலும் தபால்காரர் வந்தாலும் ஜூலி தெருவுக்கு ஓட முடியாது. கொல்லைப்புறத்தை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள்: படலில் சந்து இருக்கிறதா, கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா, பின்கதவு வாய்க்கால் பக்கம் திறக்கிறதா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். வெளியே அழைத்துப் போகும்போது கழுத்துப்பட்டை மட்டும் போதாது. பின்வாங்கித் தலையை உருவிக்கொள்ளும். மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையும் சேர்த்துப் போட்டு, இரண்டிலும் கயிறு பூட்டுங்கள். ஆசிரியையின் தொலைபேசி எண் எழுதிய வில்லை எப்போதும் கழுத்தில் இருக்கட்டும்.

வீட்டுக்குள் கூடத்தின் ஓரத்தில், ஆள் நடமாட்டம் தெரியும்படியும் ஆனால் யாரும் மிதிக்காதபடியும் ஓரிடத்தை ஜூலிக்கு ஒதுக்க வேண்டும். பெரியவரின் துண்டையும், நீங்கள் காப்பகத்தில் விரித்து உட்காரும் பழைய சேலையையும் அங்கே போடுங்கள். அந்த இடத்தில் ஜூலி இருக்கும்போது யாரும் அதைத் தொடவோ வெளியே வரச் சொல்லவோ கூடாது. சாப்பாட்டை வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். ஆசிரியை செய்ய வேண்டியது, நாள்தோறும் அதே இடத்தில் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பதோ, மெல்லிய குரலில் பாடம் சொல்வதுபோல் எதையாவது வாசிப்பதோதான். ஜூலி தானாக வந்தால், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல், முகவாய்க்குக் கீழே அல்லது மார்பில் சில நொடிகள் தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் வேண்டுமென்றால் அது நெருங்கி வரும், வேண்டாமென்றால் நகரும். அது நகர்ந்தால் விட்டுவிட வேண்டும். உதட்டை நக்குவது, காரணமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது ஆகியவை ‘போதும்’ என்பதற்கான அடையாளங்கள். என்றாவது உறுமினால் அதட்டக் கூடாது. உறுமத் தடை செய்யப்பட்ட நாய் எச்சரிக்காமலேயே கடிக்கக் கற்றுக்கொள்ளும். எந்த நாய் கடித்தாலும் கீறினாலும், தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று பழகும் காலத்துக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். ஜூலியைப் போன்ற நாய்க்கு அது இன்னும் நீளலாம். முதல் வாரத்தில் ஒரு வேளை, இரு வேளை சாப்பிடாமல் இருந்தாலும் பதற வேண்டாம். இரண்டு நாள் முழுவதும் எதுவும் உண்ணாமலோ, ஒரு நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமலோ இருந்தால் மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம்.

துரோகமா என்ற கேள்விக்கு

இல்லை, சகோதரி. வாரத்தில் ஒரு நாள் வந்து போகும் உங்களிடமே ஜூலிக்கு இவ்வளவு ஒட்டுதல் ஏற்பட்டிருக்கிறது என்றால், நாள் முழுவதும் பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் அது இன்னும் ஆழமாக வளரும். மனிதரிடம் ஒட்டிக்கொள்ளும் திறன் அதற்கு இன்னும் இருக்கிறது என்பதை நீங்கள்தான் வெளியே கொண்டுவந்திருக்கிறீர்கள். அதே ஆசிரியையைச் சில ஞாயிறுகள் காப்பகத்துக்கு அழைத்துவந்து, உங்கள் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துப் பேசிக்கொண்டிருங்கள். அவருடைய செருப்பையும் ஜூலி மோந்து பார்க்கட்டும். ஒப்படைக்கும் நாளில் நீங்களே உடன் சென்று, சிறிது நேரம் இருந்துவிட்டு, விடைபெறும் சடங்கு எதுவும் இல்லாமல் இயல்பாகக் கிளம்பிவிடுங்கள். முதல் மூன்று, நான்கு வாரங்கள் போகாமல் இருப்பது நல்லது. அதன் பிறகு எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

காலத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இப்போது ஆடி முடியப்போகிறது. ஐப்பசியில் மழையும் இடியும் தொடங்கும். தீபாவளி வெடிச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். புதிய வீட்டில் குறைந்தது இரண்டு மாதமாவது பழகிய பிறகே ஜூலி அந்த நாட்களைச் சந்திக்க வேண்டும். எனவே மருத்துவப் பரிசோதனை, கருத்தடை, ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஆவணி முதல் வாரங்களுக்குள் முடிக்க முடிந்தால் உடனே அனுப்புங்கள். முடியாவிட்டால் கார்த்திகை தீபம் கழியும்வரை காத்திருங்கள். இடையில் புரட்டாசிக் கடைசியில் அவசரமாகக் கொண்டுபோய் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான ஏற்பாடு. ஆவணியிலேயே அனுப்பிவிட்டால், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே ஆசிரியை ஒரு கால்நடை மருத்துவரைப் பார்த்து, வெடி நாட்களுக்குப் பதற்றத்தைத் தணிக்கும் மருந்து தேவையா என்று கேட்டுக்கொள்ளட்டும். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையையோ பாராசிட்டமாலையோ எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாது. அந்த நாட்களில் மாலை வெளிச்சம் மங்குவதற்கு முன்பே வெளியே அழைத்துச் சென்று வந்துவிட்டு, சன்னல்களைச் சாத்தி, உள்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிடச் சொல்லுங்கள்.